"பதினாலு கண்" நாட்டு விபிஎன் வேணாமாம்: மட்டக்களப்பில இருக்கிற நமக்கு அதில என்ன?

2025 ஜூன் 6 — கேள்வி, கல்லடியில இருந்து ஒரு தம்பி

அண்ணன், விபிஎன் (நம்மட நெட்டை வேற ஒரு கொம்பனிட சேர்வர் வழியா மறைச்சு அனுப்புற சேவை) ஒண்டு ஒரு வருசத்துக்குக் காசு கட்டி எடுக்கப் போறன். ஐஞ்சு கண், ஒன்பது கண், பதினாலு கண் நாடுகளில பதிஞ்ச கொம்பனி வேணாம், பனாமா, சுவிஸ் மாதிரி இடமாப் பாருங்க எண்டு யூடியூப்பில எல்லாரும் சொல்றாங்க. அக்கா கனடாவில, பெரியண்ணன் லண்டனில, சித்தப்பா சிட்னியில. தினமும் வட்ஸ்அப்பில கதைக்கிறம். அந்த நாடுகள் நம்மட கதையைக் கேட்டு ஒருத்தருக்கொருத்தர் குடுக்கிறது உண்மையா? பனாமா போட்டாத் தப்பலாமா?

ஜூன் 7, பகல்

இண்டைக்குப் பெருநாள், டவுனில பாதிக் கடை பூட்டு. என்ட கடைக்குப் போன் திருத்த ஒருத்தரும் வரமாட்டாங்க. அதால கொஞ்சம் நீட்டாவே எழுதுறன்.

அந்தக் கண்கள் யாருடையது எண்டு முதல்ல பாப்பம். 1946 மார்ச் 5இல பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரு இரகசிய ஒப்பந்தம் போட்டாங்க. யுத்தக் காலத்தில ஜேர்மன்காரன்ட, ஜப்பான்காரன்ட இரகசியக் குறிகளை ரெண்டு பேரும் சேர்ந்து உடைச்சவங்க. யுத்தம் முடிஞ்சும் அந்தக் கூட்டை விட மனமில்ல, அடுத்த ஆள் ரஷ்யா. உலகத்தின்ட எந்தப் பக்கத்தை யார் ஒட்டுக்கேக்கிறது, கேட்டதை எப்பிடிப் பகிர்றது, இதுதான் விசயம். பிறகு கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து 1956க்குள்ள ஐஞ்சாச்சு. ஒப்பந்தத்தின்ட ஆவணத்தை அவங்களே பொதுமக்கள் பாக்க விட்டது 2010இலதான்.

டென்மார்க், பிரான்ஸ், நெதர்லாந்து, நோர்வே சேர்ந்தா ஒன்பது. ஜேர்மனி, பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின், சுவீடன் சேர்ந்தாப் பதினாலு. இந்தப் பெரிய வட்டங்கள் 2013இல அமெரிக்க உளவுத்துறைக்கு வேலை செய்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியில குடுத்த ஆவணங்களாலதான் ஊருக்குத் தெரிய வந்தது. ஆனா ஐஞ்சும் பதினாலும் ஒரே மாதிரி இல்ல. ஐஞ்சு பேரும் சோத்துப் பானையோட பகிர்றவங்க, மத்தவங்களுக்குக் கோப்பையில போட்டுக் குடுக்கிறது. ஜேர்மனிட சான்சலர் மேர்க்கலிட கைத்தொலைபேசியையே அமெரிக்கா ஒட்டுக்கேட்ட கதை அதே 2013இல வந்தது. பதினாலுக்குள்ள இருக்கிறவங்களுக்கே அந்தக் கதி.

விபிஎன் விக்கிறவங்க இந்தப் பட்டியலை எடுத்து வியாபார லேபல் ஆக்கிட்டாங்க. அவ்வளவுதான் என்ட அபிப்பிராயம். ஏன் எண்டு பிறகு எழுதுறன், சாப்பிடக் கூப்பிடுறாங்க. வட்டிலப்பம் வந்திருக்கு, கண்ணைவிட அது முக்கியம்.

ஜூன் 7, இரவு

தம்பி கேட்ட கேள்விட மெயின் இடம் இது.

அமெரிக்காவில 2008இல வந்த ஒரு சட்டப் பிரிவு இருக்கு, 702 எண்டு சொல்லுவாங்க. அமெரிக்காவுக்கு வெளியில இருக்கிற, அமெரிக்கரல்லாத ஆக்களிட தொடர்பாடலை, ஆளுக்காள் நீதிமன்றப் பிடியாணை எடுக்காமலே, அமெரிக்கக் கொம்பனிகள்ட்ட இருந்து எடுக்கலாம். ப்ரிசம் எண்டு கேள்விப்பட்டிருப்பீங்க, அந்தக் கொம்பனிகள்ட்ட இருந்து தகவல் எடுக்கிற உளவுத் திட்டம், அது இதுக்குக் கீழதான் ஓடினது. ஸ்னோடன்ட ஆவணத்தில மைக்ரோசொப்ட், யாஹூ, கூகுள், பேஸ்புக், ஸ்கைப், அப்பிள் எண்டு வரிசையாப் பேர் இருந்தது. 2024 ஏப்ரலில இந்தப் பிரிவை இன்னும் ரெண்டு வருசத்துக்கு நீட்டினாங்க. அங்க நடந்த சண்டை முழுக்க, "இதில அமெரிக்கர்ட மின்னஞ்சலும் மாட்டுதே, அதைத் தேட பிடியாணை வேணாமா?" எண்டுதான். கல்லடித் தம்பிட மின்னஞ்சலுக்காக வோஷிங்டனில ஒருத்தனும் மேசையில தட்டல்ல.

நாம அந்தச் சட்டத்தில தற்செயலா மாட்டுற ஆக்கள் இல்ல. நமக்காகத்தான் சட்டமே எழுதியிருக்கு. வெளிநாட்டான் எண்டா யார்? நீங்கதான், நான்தான். ஐஞ்சு நாட்டிலயும் உள்ளூர்க் குடிமக்களுக்கு எண்டு ஏதோ ஒரு வேலி இருக்கு. நாம அஞ்சு வேலிக்கும் வெளியில.

இதில தலைகீழா ஒரு விசயமும் இருக்கு. உங்கட அக்கா கனடாக் குடிமகள் ஆகியிருப்பா. அவட தனிமைக்குக் கனடாவில சட்டப் பாதுகாப்பு இருக்கு. ஆனா அவ தினமும் கதைக்கிறது ஒரு வெளிநாட்டானோட. அந்த வெளிநாட்டான்ட முனையில எடுத்தா அவட குரலும் சேர்ந்துதான் வரும். நாமதான் அவட வேலியில இருக்கிற ஓட்டை.

ஜூன் 8

"சுவிஸ் பட்டியலில இல்ல, அங்க நம்மட ஆக்களும் நிறைய, நம்பலாம்" எண்டு செங்கலடியில இருந்து ஒருத்தர் எழுதியிருக்கார்.

அண்ணன், சுவிஸில உங்கட மச்சான் இருக்கிறதுக்கும் இதுக்கும் தொடர்பில்ல. அங்க கிரிப்டோ ஏஜீ எண்டு ஒரு கொம்பனி இருந்தது. நாடுகள் தங்கட இரகசியச் செய்தியை மறைச்சு அனுப்புற கருவி செய்யிற இடம். நடுநிலை நாட்டுச் சாமான் எண்டு நம்பி 120க்கு மேற்பட்ட நாடுகள் வாங்கினது. அந்தக் கொம்பனிட உண்மையான முதலாளிகள் அமெரிக்காட சிஐஏயும் மேற்கு ஜேர்மனிட உளவுத்துறையும் எண்டு 2020 பெப்ரவரியில வெளிவந்தது. பூட்டையும் வித்து, திறப்பையும் தாங்களே வைச்சிருந்தாங்க.

சரி, அது பழைய கதை எண்டு விட்டாலும், 2021இல புரோட்டன் மெயில் எண்ட சுவிஸ் மின்னஞ்சல் சேவை ஒரு பிரெஞ்சு சூழலியல் போராளிட ஐபி முகவரியை (எந்த இணைப்பில இருந்து நெட்டுக்கு வந்தார் எண்டு காட்டுற இலக்கம்) சுவிஸ் அதிகாரிகளிட கட்டளைக்குக் குடுக்க வேண்டி வந்தது. பிரெஞ்சுப் பொலிஸ் கேட்டது, யூரோபோல் எண்ட ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பு வழியாச் சுவிஸுக்குப் போச்சு, சுவிஸ் கட்டளை போட்டது. பட்டியலில இல்லாத நாடுதான். மின்னஞ்சலுக்குள்ள இருந்ததை அவங்களாலும் குடுக்க ஏலாமப் போனது, அவங்களே வாசிக்க ஏலாத குறியா மாத்தி (என்கிரிப்ட்) பூட்டி இருந்ததால. இதைக் கவனிங்க: காப்பாத்தினது பூட்டு, நாடு இல்ல.

மறுபக்கமும் சொல்றன். முல்வாட் எண்டு சுவீடன் விபிஎன் ஒண்டு, பதினாலு கண்ணுக்குள்ள இருக்கிற நாடு. 2023 ஏப்ரலில பொலிஸ் தேடுதல் ஆணையோட அவங்கட ஒபீஸுக்குப் போச்சு. வாடிக்கையாளர் விபரம் ஒண்டும் சேமிக்கிறதே இல்லயெண்டு காட்டினாங்க, பொலிஸ் வெறுங்கையோட திரும்பினது. ஹொங்கொங்கில பதிஞ்சிருந்த இன்னொரு விபிஎன், "நாங்க பதிவு வைக்கிறதில்ல" எண்டு விளம்பரம் போட்டது, 2017இல எப்பிஐக்குப் பதிவைக் குடுத்தது. ஹொங்கொங் எந்தக் கண்ணிலயும் இல்ல.

ஜூன் 8, பின்னேரம்

மேல எழுதினதில ஒரு துண்டு விட்டுப் போச்சு, முக்கியமான துண்டு. 2020 மே மாதம் ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் குடுத்தது. ஜேர்மன் உளவுத்துறை வெளிநாட்டில இருக்கிற வெளிநாட்டாக்களைக் கேக்கும்போதும் ஜேர்மன் அடிப்படை உரிமை அதைக் கட்டுப்படுத்தும் எண்டு. விளங்குதா? மட்டக்களப்பில இருக்கிற ஒருத்தனுக்கும் அந்தத் தீர்ப்புக் கணக்கு. எனக்குத் தெரிஞ்சு நமக்காக ஒரு நீதிமன்றம் இவ்வளவு தெளிவாப் பேசினது அங்கதான், அதுவும் பதினாலு கண்ணில ஒண்டு. பனாமா நீதிமன்றத்தில நமக்கு எண்டு எழுதி வைச்சிருக்கிறது என்ன? பட்டியலைப் பாத்து நாடு தெரிவு செய்யிறது, சந்தையில மீனை விட்டுட்டுத் தராசைப் பாத்து வாங்கிற வேலை.

ஜூன் 10, போயா லீவு

நெட் வாற கடலடிக் கேபிள் நம்மட கரையிலயும் ஏறுதா எண்டு கேட்ட ஆளுக்கு. இல்ல, நம்மட பக்கம் சர்வதேசக் கேபிள் ஒண்டும் கரை ஏறல்ல. பாசிக்குடாவில கிடக்கிறது பவளப்பாறை மட்டும்தான். மட்டக்களப்பு நெட் எல்லாம் தெற்குக்கும் மேற்குக்கும் போய்த்தான் கடலில இறங்குது: கொழும்பு, கல்கிசை, மாத்தறை. இஞ்ச இருந்து காத்தான்குடிக்குப் போடுற வட்ஸ்அப் செய்தியும் வெளிநாட்டுச் சேர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருது. பாலத்தைத் தாண்டுறதுக்கு முன்னம் கடலைத் தாண்டுது.

கொழும்பில ஏறுற சீ-மீ-வீ 4 எண்ட கேபிள் சிங்கப்பூரில இருந்து பிரான்ஸின்ட மார்செய் வரைக்கும் போகுது. 2013 டிசம்பரில ஜேர்மன் சஞ்சிகை டெர் ஸ்பீகல் ஒரு அமெரிக்க ஆவணத்தை வெளியிட்டது. அந்த வருசம் பெப்ரவரியில அமெரிக்காட ஒட்டுக்கேக்கிற உளவு அமைப்பு என்எஸ்ஏ இந்தக் கேபிளிட வலையமைப்பு நிர்வாகத் தகவலை ஊடுருவி எடுத்ததா அதில இருந்தது. எங்கயோ அத்திலாந்திக்கில நடந்த கதை இல்ல, நம்மட றீலோட் காசில நாம பாவிச்ச கேபிள். அது அவங்களுக்கு வலையமைப்பின்ட வரைபடம் கிடைச்ச கதை. உங்கட கோல் கேட்ட கதை எண்டு விளங்கிக்கொள்ளாதீங்க, ஏற்கனவே ஒருத்தர் கீழ அப்படி எழுதிட்டார்.

கூகுள் கதையும் அதே காலம். கூகுள், யாஹூ தங்கட டேட்டா சென்டர்களுக்கு இடையில ஓடின இணைப்புகளை பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து உறிஞ்சினது வெளிவந்த உடன, கூகுள் அந்த இணைப்பெல்லாத்தையும் பூட்டிப் போட்டது. ஸ்னோடனால நமக்கு நேரடியா வந்த நன்மை எண்டா அதுதான். அமெரிக்காவில ஒரு சட்டமும் மாறல்ல நமக்கு, பூட்டு மாறினது. வட்ஸ்அப் 2016 ஏப்ரலில முனைக்கு முனை பூட்டினது, அனுப்புற போனிலயும் எடுக்கிற போனிலயும் மட்டும்தான் திறக்கும்.

ஜூன் 11

"அப்ப வட்ஸ்அப் பாதுகாப்புத்தானே, ஏன் இவ்வளவு கதை?"

உள்ளுக்க பேசினது பூட்டு. யார் யாரோட, எப்ப, எவ்வளவு நேரம், எந்த ஐபியில இருந்து எண்டதெல்லாம் வெளியில கிடக்கு. நீங்க ராத்திரி ஒரு மணிக்கு ஒரு வக்கீலுக்கு ஏழு தரம் அடிச்சா, என்ன கதைச்சீங்க எண்டு கேக்கத் தேவையில்ல. வட்ஸ்அப் மாதிரி சிக்னல் எண்டு ஒரு அப் இருக்கு, அது இதையும் சேமிக்காது. 2016இல அமெரிக்காவில நீதிமன்றக் கட்டளை வந்தபோது அவங்களால குடுக்க முடிஞ்சது ரெண்டு நேரம்தான்: கணக்குத் தொடங்கினது, கடைசியாத் தொடர்பில வந்தது.

ஆனா மட்டக்களப்பில சிக்னல் போட்டுட்டு யாரோட கதைக்கிறது? என்ட தொலைபேசியில அதில இருக்கிறது மூணு பேர், ஒருத்தர் நான் கட்டாயப்படுத்தினதால வந்தவர்.

ஜூன் 14

கல்குடாப் பக்கம் இருந்து ஒருத்தர், "இந்த ஒட்டுக்கேக்கிற கதையெல்லாம் வெள்ளைக்காரன்ட நாட்டுக் கதை, நமக்கும் அதுக்கும் என்ன" எண்டு கேட்டிருக்கார். அண்ணன், உங்கட கடலுக்குக் கீழயே சாட்சி கிடக்கு. ஹேர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்.

1942 தொடக்கத்தில பிரிட்டனிட கிழக்காசியக் குறியுடைப்புக் கூட்டம் சிங்கப்பூரில இருந்து கொழும்புக்கு இடம்பெயர்ந்தது. ஜப்பான் கடற்படைட குறியை அரைகுறையா வாசிச்சு, ஏப்ரல் தொடக்கத்தில இலங்கைக்கு அடி வரப்போகுது எண்டு முன்னமே சொன்னாங்க. தளபதி சொமர்வில் கப்பல்களை வெளியில எடுத்துக் காத்திருந்தார், சொன்ன நாளில ஒண்டும் வரல்ல, ஆட்கள் களைச்சு அட்டு அடோலுக்கு எண்ணெய் தண்ணி எடுக்கப் போனாங்க. ஜப்பான் ஏப்ரல் 5இல கொழும்புக்கு அடிச்சது. ஏப்ரல் 9 திருகோணமலைக்கு. அடி வருது எண்டு துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்ட ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு நேரே பிடிபட்டு மூழ்கினது. 307 பேர் செத்தாங்க. கூடப் போன அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கினது.

அந்த அடிக்குப் பிறகு கென்யாவுக்குப் போன குறியுடைப்புக் கூட்டம், 1943இல கொழும்புக்குத் திரும்பி வந்து ஆண்டர்சன் நிலையம் எண்டு ஒட்டுக்கேக்கிற இடம் அமைச்சது. சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருசம் பிரிட்டன் அதை விடல்ல. ஒப்பந்தம் போட்ட 1946இல இலங்கை அவங்கட ஒரு காது. அந்த நேரம் நாம கேக்கப்படுற ஆக்கள் இல்ல, கேக்கிற கட்டடத்துக்கு வீட்டுக்காரர்.

ஜூன் 14, இரவு

மேல எழுதினதை வாசிச்சிட்டு அக்கரைப்பற்றில இருந்து ஒரு நானா கேட்டிருக்கார்: "பகிர்றது எண்டா நல்லதுக்கும் பகிரலாம்தானே? ஏன் முழுக்கக் கெட்டதாவே எழுதுறீங்க?"

நானா, ஞாயமான கேள்வி. இதுக்குப் பதில் எழுத எனக்குக் கஷ்டம்.

2019 ஏப்ரல் 4இல, உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்கு முன்னமே, இந்திய உளவுத்துறை இலங்கைக்குத் தகவல் குடுத்தது. யார் செய்யப் போறான், தேவாலயங்களைக் குறிவைக்கிறான் எண்டு பேரோட. பிறகும் திரும்பச் சொன்னது. இந்தியா இந்தப் பதினாலு கண்ணில ஒண்டும் இல்ல, இருந்தும் பகிர்ந்தது. கொழும்பில கடிதம் மேசைக்கு மேசை போச்சு. ஏப்ரல் 21 குண்டு வெடிச்சு, நம்மட மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில ஞாயிறு பாடசாலை முடிஞ்சு நிண்ட பிள்ளைகள் செத்தாங்க. 2023 ஜனவரியில உயர் நீதிமன்றம் குண்டு வெடிச்ச நேரம் ஜனாதிபதியா இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேணும் எண்டு தீர்த்தது, தடுக்கத் தவறினதுக்கு.

அதால பகிரவே கூடாது எண்டு நான் சொல்லமாட்டன். இந்த ஊரில இருந்துகொண்டு அப்படிச் சொல்ல ஏலாது. ஆனா அந்தத் தகவல் உலகத்தில எல்லாரிட கோலையும் வாரி அள்ளினதாலதான் வந்தது எண்டும் ஒருத்தரும் காட்டல்ல. ஒரு கூட்டத்தைக் குறிவைச்சுப் பின்தொடர்ந்தா வாற மாதிரித் தகவல் அது. இஞ்ச குறைஞ்சது தகவல் இல்ல. குண்டு வெடிச்ச பிறகு அரசாங்கம் உடன செய்தது என்ன? பேஸ்புக், வட்ஸ்அப்பைத் தடுத்தது.

ஜூன் 15

அந்தத் தடைதான் இந்த ஊருக்கு விபிஎன்னைக் கொண்டுவந்தது. 2018 பெப்ரவரியில அம்பாறையில சாப்பாட்டில மலட்டு மருந்து கலந்தது எண்டு முஸ்லிம் ஆக்களுக்கு எதிராக் கிளப்பின பொய்யால கடையும் பள்ளிவாசலும் உடைபட்டு, மறுகா மார்ச்சில கண்டிப் பக்கம் திகன எரிஞ்சு, நெட்டில சமூக ஊடகத்தைத் தடுத்தாங்க. 2019இல திரும்பவும். 2022 ஏப்ரலில ஒரு நாள். ஒவ்வொரு தரமும் என்ட கடைக்கு முன்னால வரிசை, "அந்த அப் போட்டுத் தாங்க". எல்லாரும் போட்டது இலவச விபிஎன்.

இலவசத்தை ஆர் தாறான்? ஓனாவோ எண்டு ஒரு இலவச விபிஎன் இருந்தது, முதலாளி பேஸ்புக். பாதுகாப்பு எண்டு பேர் போட்டு, ஆக்கள் எந்த அப்பை எவ்வளவு நேரம் பாவிக்கிறாங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தது. 2018இல அப்பிள் அதைக் கடையை விட்டு எடுக்க வைச்சது, 2019இல மூடினாங்க.

விபிஎன் ஒண்டுக்கும் உதவாது எண்ட மாதிரி முதல் குறிப்பு வாசிக்கத் தோணும். அப்பிடி இல்ல. தடை போட்டா உதவும். லொட்ஜ் வைஃபையில இருந்தா உதவும். உங்கட இணையக் கொம்பனிக்கு நீங்க போற தளத்தை மறைக்கும். அவ்வளவும் சரி. கூகுளில உங்கட பேரோட லொகின் ஆகிட்டு அமெரிக்காட்ட இருந்து மறைக்கிறன் எண்டு சொல்றதுக்குத்தான் அது உதவாது.

ஜூன் 18

இப்ப நான் எழுத வேணுமெண்டு இருந்த விசயம். ஐஞ்சு நாடும் மட்டக்களப்பானை நேருக்கு நேர் பாக்கிற இடம் கேபிள் இல்ல. விசாப் பாரம்.

என்ட சொந்தத்தில ஒரு பொடியன். லண்டனுக்குப் படிக்கக் கேட்டான், மறுத்திட்டாங்க. ரெண்டு வருசம் கழிச்சு கனடாவுக்குப் போட்டான். பாரத்தில ஒரு கேள்வி இருக்கு: கனடாவோ வேற எந்த நாடோ உங்களுக்கு விசா மறுத்திருக்கா? பாரம் நிரப்பின ஏஜென்சிக்காரர் "இல்ல எண்டு போடு தம்பி, லண்டன் வேற கனடா வேற, ஆருக்குத் தெரியப் போகுது" எண்டிருக்கார். கொழும்பில போய் விரல் வைச்சான். வந்த கடிதத்தில, பொய்த் தகவல் தந்ததால ஐஞ்சு வருசம் வர ஏலாது. மறுப்பை மறைக்காமச் சொல்லியிருந்தா அது மட்டும் ஒரு தடையே இல்ல.

லண்டன் வேற கனடா வேறதான். கைரேகை ஒண்டுதானே. ஐஞ்சு நாடும் குடிவரவு விசயத்துக்கு எண்டு தனியா ஒரு கூட்டு வைச்சிருக்காங்க. 2009 அளவில சின்ன அளவில தொடங்கின கைரேகை ஒப்பிடுற வேலை, இப்ப கனடாட பக்கத்தில இயந்திரமே கேட்டு இயந்திரமே பதில் சொல்ற அளவுக்கு வந்திருக்கு. கைரேகை போகுது, அங்க இருந்தா அந்த ஆளிட பழைய விபரம் வருது. இதுக்கு விபிஎன் இல்ல, சிக்னல் இல்ல, சுவிஸ் இல்ல. பத்து விரலையும் நாமளே காசு கட்டிக் கண்ணாடியில வைக்கிறம்.

ஜூன் 18, கொஞ்சம் கழிச்சு

ஏறாவூரில இருந்து ஒருத்தர் திருத்தியிருக்கார்: அது உளவுக் கூட்டணி இல்ல, குடிவரவுத் திணைக்களங்களிட கூட்டு, ரெண்டையும் குழைக்கக் கூடாது எண்டு. அவர் சொல்றது சரி, நானும் தனிக் கூட்டு எண்டுதான் எழுதினன். ஆனா ஐஞ்சு பேரும் அதே ஐஞ்சு பேர். எழுபது வருசம் ஒண்டாச் சாப்பிட்ட ஆக்கள் இன்னொரு மேசை போட்டா, அதே பழக்கம்தான் வரும்.

அகதி கேக்கிற ஆக்களிட விபரத்தை இப்படிப் பகிரும்போது அது சுத்திச் சுத்திச் சொந்த நாட்டுக்கு வந்தா என்ன ஆகும் எண்டு அவரே கேட்டிருக்கார். அதைத் தடுக்க விதி வைச்சிருக்கிறம் எண்டுதான் அந்த நாடுகள் சொல்றது. அந்த விதியை மீறினா நாம போய் முறையிட எந்த வாசல்? திரும்பவும் அதே வேலிக் கதை.

ஜூன் 19

"அப்ப விரலைத் தேய்ச்சிட்டுப் போனா?" எண்டு கேட்ட ஆளுக்கு: வேண்டாம் மனே. திரும்ப வரச் சொல்லுவாங்க, கொழும்புக்கு இன்னொரு பஸ் காசு.

ஜூன் 22

வாழைச்சேனை மீனவர் சங்கத்தில இருக்கிற ஒருத்தர் எழுதினதை இஞ்ச கொண்டுவாறன், ஏனெண்டா இது நான் யோசிக்காத பக்கம். 2022இல அவுஸ்திரேலியா இலங்கை மீன்பிடிப் படகுகளுக்கு 4,000க்கு மேற்பட்ட இடங்காட்டும் கருவி இலவசமாக் குடுத்தது. நம்மட கரையில இருந்து ஆக்களை ஏத்திக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குப் போற படகைப் பிடிக்கிறதுக்கு உதவும் எண்டு. எரிபொருள் இல்லாம நாடு கிடந்த நேரம், படகில தப்பி ஓடின காலம்.

அவர் சொல்றது, பலநாள் படகுக்கு அது நல்லதும்தான், எஞ்சின் நிண்டாத் தேடி வரலாம். ஆனா கடலில மீன் எங்க கிடக்கு எண்டதுதான் ஒரு ஸ்கிப்பரிட இரகசியம். அந்த இடம் இப்ப ஒரு திரையில தெரியுது, அந்தத் திரையை யார் யார் பாக்கிறாங்க எண்டு படகுக்காரனுக்குச் சொல்ல ஆளில்ல. ஒட்டுக்கேக்கிறதைப் பத்தி இவ்வளவு தெளிவா யூடியூப்பில ஒருத்தரும் சொன்னதில்ல.

ஜூன் 25

இனி கிட்டக் கண்.

போன் திருத்தக் குடுக்கிற ஆக்களில பெரும்பாலானவங்க பூட்டுக் குறியையும் சேர்த்துத்தான் குடுக்கிறாங்க. பில் புத்தகத்தில பேர், நம்பர், அதுக்குப் பக்கத்தில ஒன்பது புள்ளி போட்டுக் கோடு கீறின பெட்டர்ன். டிஸ்பிளே மாத்த அது தேவையே இல்ல. வேணாம் எண்டாலும் "பரவாயில்ல தம்பி, தெரிஞ்ச ஆள்தானே" எண்டு எழுதிட்டுப் போவாங்க. அந்தப் பில் புத்தகம் மேசையில கிடக்கும், தேத்தண்ணி கொண்டு வாறவனும் பாப்பான். பனாமாவில கொம்பனி தேடுற தம்பி, உங்கட முதலாவது கண் நான்தான்.

அடுத்தது சிம். அடையாள அட்டை குடுத்துத்தான் எடுக்கிறீங்க. அதுக்கடுத்தது சீருடை. 1979இல தற்காலிகம் எண்டு கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் இன்னும் இருக்கு. பேஸ்புக்கில போட்ட படத்துக்காக அதில உள்ள போன ஆக்கள் கிழக்கில இருக்கிறாங்க. அதுக்கு என்எஸ்ஏ தேவைப்படல்ல. பப்ளிக் பதிவு, ஒரு ஸ்கிரீன்சொட், ஊரில ஒரு கோள்காரன். விசாரணையில போனை வாங்கித் திறக்கச் சொன்னா முனைக்கு முனை பூட்டு என்ன செய்யும்? ரெண்டு முனையில ஒண்டு அந்த மேசையில கிடக்கு. 2019 குண்டுக்குப் பிறகு காத்தான்குடி முஸ்லிம் ஆக்களுக்கு இது நல்லாத் தெரியும், அதுக்கு முன்னம் யுத்தக் காலத்தில நமக்குத் தெரிஞ்ச மாதிரி.

2022இல தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒண்டு பாராளுமன்றத்தில வந்தது. முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில நடைமுறைக்கு வர இருந்தது, அதையும் தள்ளிப் போட்டாங்க. 2024இல வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் மட்டும் உடன ஓடத் தொடங்கினது. எதுக்கு அவசரம், எதுக்கு ஆறுதல் எண்டு பாருங்க.

ஜூலை 3

செய்மதியால நெட் குடுக்கிற ஸ்டார்லிங்க் நேத்து இலங்கையில தொடங்கினதாம், உடன கேள்வி: "வானத்தால போனா இலங்கையும் பாக்க ஏலாதுதானே?" அமெரிக்கக் கொம்பனி, இலங்கை உரிமம். ரெண்டு வீட்டுக்காரரும் ஒரே முற்றத்தில. மாதக் காசையும் பாத்திட்டு வாங்க.

ஜூலை 5

தம்பி திரும்ப வந்து "கடைசியா நான் என்ன செய்ய, அதைச் சொல்லுங்க" எண்டு கோவமாக் கேட்டிருக்கார். சரி.

விபிஎன் காசை மிச்சம் பிடியுங்க. வட்ஸ்அப்பில செய்தி பூட்டுத்தான், ஆனா அதிட பெக்கப் (சேமிச்சு வைக்கிற பிரதி) கூகுள் டிரைவுக்குப் போகுது, அது தானாப் பூட்டுறதில்ல. 2021இல இருந்து பூட்டுற வசதி குடுத்திருக்காங்க: செட்டிங்ஸ் (Settings), சட்ஸ் (Chats), சட் பெக்கப் (Chat backup), அதுக்குள்ள முனைக்கு முனை பூட்டின பெக்கப். போடுங்க. ஆனா நீங்க மட்டும் போட்டாக் காணாது. அக்கா, பெரியண்ணன், சித்தப்பா மூணு பேரும் போட வேணும், இல்லாட்டி நீங்க எழுதினது அவங்கட பெக்கப்பில திறந்து கிடக்கும்.

பெரியண்ணன் ஐபோன் எண்டாத் தனிப் பிரச்சினை. ஐகிளவுட்டை (அப்பிளிட இணையச் சேமிப்பு) முழுக்கப் பூட்டுற வசதியை 2025 பெப்ரவரியில அப்பிள் பிரிட்டனில நிப்பாட்டினது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை வைச்சு பிரிட்டிஷ் அரசாங்கம் உள்ள வர வழி கேட்டதாச் செய்தி. அதால அவர் வட்ஸ்அப்புக்குள்ள இருக்கிற பூட்டைத்தான் போட வேணும், ஐகிளவுட்டை நம்பி இருக்கக் கூடாது.

பெக்கப்புக்குக் கடவுச்சொல் குடுக்கும்போது மறந்தாத் திரும்ப எடுக்க ஏலாது. அம்மாட போனுக்கு என்ன செய்யிறது எண்டும் கேட்டீங்க, அவ மறந்திடுவா எண்டு. தாளில எழுதி அலுமாரியில, சாறிக்குக் கீழ வையுங்க. அமெரிக்காவில இருந்து ஒருத்தனும் கல்லடிக்கு வந்து அலுமாரி உடைக்கமாட்டான். கடைக்குக் கொண்டு வாற போனோட சேர்த்து அந்தத் தாளையும் கொண்டு வந்திடாதீங்க, அவ்வளவுதான்.

குடும்பக் குரூப்பில ஏழு நாளில அழியிற மாதிரியும் போடலாம். சித்தப்பா திட்டுவார், பேரப்பிள்ளைட படம் போயிட்டு எண்டு. படத்தை முதல்ல இறக்கிவைக்கச் சொல்லிட்டுப் போடுங்க.